மத்தேயு தெரிந்தெடுத்த வின்ச்

ஜெபமலர் பையிலிருந்து அந்தப் படங்கை எடுத்து மேசைமேல் விரித்ததும், ஷெல்டன் தன் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். கொழுந்து பறிக்கிற பெண்கள் தேயிலைச் செடி கிழித்துவிடாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுச் சாக்குத்தான் படங்கு. இதில் மூன்று கிழமைச் சேறு காய்ந்து தட்டாகியிருந்தது.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில், ‘சுலோஜனா – தனியார் விசாரணை’ என்று பலகை தொங்குகிற அறைக்கு வைரமாலை காணாமற்போன வழக்கெல்லாம் வருவதில்லை. ஓடிப்போன மருமகன், காணி உறுதி திருடிய சித்தப்பா, இப்படித்தான் வரும். அங்கே துப்பறிவது சுலோஜனா மிஸ், வாயடிப்பது ஷெல்டன். அவள் பதுளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவரின் மகள். பிறந்து வளர்ந்தது எல்லாம் பதுளைதான் என்றாலும் தகப்பனின் யாழ்ப்பாணத்துப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. இவன் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வாயை மட்டும் முதலாகக் கொண்டு டவுனுக்கு வந்தவன்.

ஜெபமலரின் புருஷன் மத்தேயு, பசறைக்கு மேலே கூந்தல்மலைத் தோட்டத்தில் ஜீப் டிரைவர். 2001 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் துரை நிரோஜனை டென்னிஸ் ஆட பதுளைக்குக் கூட்டிவந்தபோது, குறுக்கு ரோட்டுச் சேற்றில் ஜீப் புதைந்துவிட்டது. ஜீப்பின் மூக்கில் ஒரு வின்ச் பூட்டியிருந்தது. அதில் சுற்றியிருக்கிற இரும்புக் கேபிளை இழுத்துப்போய் ஒரு மரத்தில் கொளுவி வின்ச்சை ஓட்டினால், ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும். அன்றைக்கு ஜீப் வரவில்லை. கேபிள் அறுந்து திரும்பி வந்து மத்தேயுவின் கழுத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேலையே இருக்கவில்லை.

தோட்ட ஆபீசில் ஒரு விசாரணை வைத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி சின்னத் துரை. மத்தேயு கடைக்குப் போய்த் தன் இஷ்டத்துக்கு ஒரு நோஞ்சான் வின்ச்சை எடுத்தான், அதைத் தானே ஓட்டினான், கேபிள்மேல் படங்கு போடவில்லை, ஆகவே தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று தீர்ப்பு. செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்கிற தைரியம். டிரைவர் குவார்ட்டர்ஸை வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணும்படி ஜெபமலருக்குக் கடிதமும் வந்துவிட்டது. அடக்க ஆராதனையில் பாஸ்டர்கூட ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை ஜெபத்துக்குள் நுழைத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வீடு போவதைச் சொல்லும்போது வரவில்லை.

“எம் படங்க தண்ணியில நனைச்சு கேபிளுமேல போடாம அவரு வின்ச்சத் தொடவே மாட்டாருங்க,” என்றாள். “கேபிளு அந்தாலும் நனஞ்ச படங்கு அதக் கீழ அமுக்கிரும்னு சொல்லுவாரு. அதுக்குன்னே எம் படங்கு ஒண்ணு எப்பவும் ஜீப்புல கெடக்கும்.”

மத்தேயுவின் சிலிப்பரோடு இந்தப் படங்கையும் ஜீப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்துச் சுருட்டி, பங்களாச் சமையற்காரர் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தாராம். அவள் கழுவ மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

சுலோஜனா படங்கைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். “ஷெல்டன், இதில என்ன இல்லை எண்டு பாரும்.”

“சுத்தம் இல்ல மிஸ்.”

“இரத்தம் இல்லை.”

ஷெல்டன் கோப்பையைக் கீழே வைத்தான். கழுத்து அறுந்து விழுந்தவனுக்குப் பக்கத்தில் கிடந்த துணியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரு பக்கம் முழுக்க அப்பிய சிவப்புச் சேறு. மறுபக்கத்தில் குறுக்கே, கறுப்புக் கிரீஸ் ஒரு கோடாக ஓடியது. அதே பக்கத்தில் வேறு சில அடையாளங்களும் இருந்தன. அவள் அவற்றின்மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் படங்கை மடித்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை என்றால் ஏதோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். அதைத் தனக்குச் சொல்லமாட்டாள் என்பதும் ஷெல்டனுக்குத் தெரியும். அந்த எரிச்சலுக்குத்தான் அவன் சம்பளம் வாங்குகிறான்.

“வாரும், போய் ஒரு வின்ச் தெரிவுசெய்வம்.”

“நம்மகிட்ட ஜீப்பே இல்லயே மிஸ்.”

“முதலில வின்ச். ஜீப்பைப் பிறகு பாப்பம்.”

ஜீப் சாமான் விற்கிற ஜாபிர் நானாவின் கடை பசறை ரோட்டில் இருந்தது. வின்ச் வேண்டும் என்றதுமே அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி என்ன பாரம் என்பது. நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் நிறத்தைத்தான் கேட்பார்கள் என்று சலித்துக்கொண்டார். வண்டியின் பாரத்தோடு அதில் பாதியையும் கூட்டி, அதற்குக் குறையாமல் இழுக்கிறதைத்தான் எடுக்கவேண்டும். ரோட்டில் நிற்கிற ஜீப்பும் சேற்றில் புதைந்த ஜீப்பும் ஒரே பாரமில்லை என்றார். பிறகு இரண்டு வகை காட்டினார். ஒன்று பெட்டரியில் ஓடுவது. நீண்ட வயரின் நுனியில் ஒரு கைச் சுவிட்ச். வண்டிக்கு வெளியே எட்ட நின்றுகொண்டு அமத்தலாம். வேகமாக இழுக்கும், ஆனால் சீக்கிரம் சூடாகும், அடிக்கடி ஆறவிடவேண்டும், பெட்டரியையும் குடித்துவிடும். மற்றது எஞ்சினோடு பூட்டுவது. மெதுவானது, ஆனால் எஞ்சின் ஓடுகிற வரைக்கும் நாள் முழுக்க இழுக்கும்.

“மொதலாவது நம்ம எலெக்சன் கேண்டிடேட் மாதிரி. வேகமா வந்து, சூடாகி, படுத்துரும்,” என்றான் ஷெல்டன். “மத்தது எங்க மாமியார் மாதிரி. மெதுவாத்தான் ஆரம்பிக்கும், நிக்காது.”

நானா சிரித்தார். கூந்தல்மலை மத்தேயு எதை எடுத்தான் என்று சுலோஜனா கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

அவன் மூன்று தடவை வந்தானாம். பெட்டரி வின்ச் வாங்கிவரும்படி ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மழையில், மலையில், நட்ட நடு ரோட்டில் பெட்டரி செத்துவிட்டால் ஆளைக் கொல்லுமே என்று அவன் யோசித்தான். திரும்பிப் போய்த் தோட்ட மேலாளரான பெரிய துரையிடம் கெஞ்சி, வேறு கடிதம் வாங்கிவந்து, எஞ்சின் வின்ச்சை எடுத்துப்போனான். அப்படிப்பட்ட ஜீப்புகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் அது இழுக்கும். நோஞ்சான் என்று யார் சொன்னது என்று நானாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

சுலோஜனா கைப்பையிலிருந்து ஜெபமலர் கொடுத்த விசாரணைப் பிரதியை எடுத்து, சின்னத் துரையின் வாக்குமூலத்தில் ஒரு வரியை மட்டும் வாசித்தாள். ‘சாரதி வாகனத்துக்கு வெளியே நின்று கைச் சுவிட்சினால் வின்ச்சை இயக்கினார். நான் உள்ளே அமர்ந்திருந்தேன். அதை நான் ஒருபோதும் தொட்டதில்லை.’

“கைச் சுவிட்சா?” என்றார் நானா. “அதுல ஏது மிஸ் சுவிட்ச்? அத இழுக்கிற தடி ஜீப்புக்கு உள்ளுக்கு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல இரிக்கி. நான்தான் பூட்டிக் குடுத்தேன்.”

ஷெல்டன் மனதுக்குள் கணக்கைக் கூட்டிப் பார்த்தான். செத்தவன் வெளியே கிடந்தான்; தடி உள்ளே இருந்தது. உள்ளே இருந்தவன் ஒருவன்தான். மூன்று கிழமையாக அந்த வின்ச் ஜீப்பின் மூக்கிலேயே, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருந்திருக்கிறது. தோட்டத்து டிரைவர் ஒருவன் செத்ததற்காகக் குனிந்து அதைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை விட, சோற்றைப் பார்க்காமலே கையைக் கழுவிவிட்டுப் போகிறவர்கள்மேல்தான் ஷெல்டனுக்கு ஆத்திரம் வந்தது.

பசறை பஸ்ஸில் அவன் கதை கட்டத் தொடங்கினான். மத்தேயு ஏதோ பார்த்திருக்கிறான். தேயிலைத் தூள் கடத்தல், இல்லாவிட்டால் ஒரு பொம்பளை விஷயம். வாயை அடைக்கத்தான் சின்னத் துரை திட்டம் போட்டு முடித்துவிட்டான். சுலோஜனா வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

“காரணம் பெரிசா இருக்கவேணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்லை, ஷெல்டன்,” என்றாள் கடைசியில்.

கூந்தல்மலைப் பங்களாவுக்குப் போகிற பாதையின் அடியில், சவுக்கு மரத்தின் கீழ் ஜெபமலர் காத்து நின்றாள். அதற்கு மேலே தோட்டத்துச் சனம் அழைக்காமல் போவதில்லை. சுலோஜனா அவளிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு மேலே ஏறினாள்.

நிரோஜனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கச்சேரிக் கிளாக்கர் இரகுநாதன் ஐயாவின் மகள் தன் தம்பியின் ஜீப்புக்கு வின்ச் எடுக்க யோசனை கேட்டு வருகிறாள் என்று போனில் சொன்னதுமே தேநீர் போடச் சொல்லியிருந்தான். பெரிய துரையையும் சுலோஜனாவே தனியாகக் கூப்பிட்டிருந்தாள், எதற்கென்று சொல்லவில்லை. அவர் ஓரமாகப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோஜனாவுக்கு நாற்காலி வந்தது, கேக் வந்தது. ஷெல்டனைப் பார்த்து, தோட்டத்து ஆளா என்று நிரோஜன் அவளிடம் கேட்டான்; அவனிடம் கேட்கவில்லை. பதில் தெரிந்ததும் அவனுக்கு விறாந்தைப் படிதான் என்று தானாகவே ஆயிற்று. ஷெல்டன் படியில் நின்றான். பக்கத்தில் வெள்ளை பூசிய டென்னிஸ் சப்பாத்து ஒரு சோடி வெயிலில் காய்ந்தது.

சுலோஜனா வெகுளியாகத் தொடங்கினாள். பெட்டரி வின்ச்தான் நல்லதாம், வெளியில் நின்று சுவிட்சை அமத்தலாமாம், கடையில் சொன்னார்கள், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள். இளம் துரைமாருக்கு யோசனை சொல்வதைப் போல இனிப்பான வேலை உலகத்தில் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்; அதற்கு ஒரு கோப்பைத் தேநீரும் கிடைத்துவிட்டால் இன்னும் சுகம்.

“அக்கா, பெட்டரியை எடுக்காதேங்கோ,” என்றான். “எஞ்சினில ஓடுறதை எடுங்கோ. நீங்கள் ஏன் மழைக்க இறங்கி நிக்கோணும்? சீட்டில இருந்துகொண்டே தடியை இழுத்தாச் சரி. நான் அப்பிடித்தான். கால் நனையாது.”

“நீங்களே இழுப்பீங்களோ தம்பி?”

“இவங்கட டிரைவர்மார் ஒரு நாள் எடுப்பாங்கள் அக்கா. நானெண்டா ரெண்டு நிமிசம்.”

பெரிய துரையின் பேப்பர் கீழே இறங்கியது. எஞ்சின் வின்ச்சுக்குக் கடிதம் கொடுத்ததும், அதை மறந்துவிட்டு விசாரணையை நடத்தியதும் அவர்தான். ‘அதை நான் ஒருபோதும் தொட்டதில்லை’ என்ற வரிக்குக் கீழே இருந்ததும் அவருடைய கையெழுத்துத்தான்.

சுலோஜனா பையிலிருந்து படங்கை எடுத்து, கேக் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். காய்ந்த சேறு மேசை விரிப்பில் உதிர்ந்தது. நிரோஜன் அதைப் பார்த்தான்; அடையாளமே தெரியவில்லை அவனுக்கு. அதுதான் அவன் விட்ட பிழை. மூன்று கிழமையில் இதை அவன் ஒரு தீக்குச்சியில் முடித்திருக்கலாம். துரைமார் கண்ணுக்குப் படங்கு ஒரு பொருளே இல்லை. இல்லாத பொருளை யார் எரிப்பார்கள்?

அவள் நிதானமாகச் சொன்னாள். குறுக்கே ஓடுகிற கறுப்புக் கோடு கேபிளின் கிரீஸ். ஆகவே மத்தேயு வழக்கம்போலப் படங்கைக் கேபிள்மேல் போட்டிருக்கிறான். அதே பக்கத்தில் சப்பாத்துத் தடம் இருக்கிறது, நட்சத்திரம் நட்சத்திரமாக. மத்தேயு போட்டிருந்தது சிலிப்பர். இனி, ஒரு தடம் சரியாகக் கிரீஸ் கோட்டின்மேல் விழுந்து, கோட்டை இழுத்துப் பூசியிருக்கிறது. அப்படியென்றால் கிரீஸ் முதலில், சப்பாத்துப் பிறகு. கேபிளில் கிடந்த படங்கை யாரோ எடுத்துச் சேற்றில் விரித்திருக்கிறார்கள். அதன்மேல் ஒருவர் நடந்துபோய் ஜீப்பில் ஏறியிருக்கிறார்.

“ஷெல்டன், அந்தச் சப்பாத்தைக் கொஞ்சம் திருப்பும்.”

ஷெல்டன் ஒன்றைத் தூக்கித் திருப்பினான். மேலே பால்போல வெள்ளை பூசியிருந்தார்கள். அடிக்கு யார் வெள்ளை பூசுவார்கள்? ரப்பர் நட்சத்திரங்களுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கிரீஸ் பட்டை ஒட்டிக் கிடந்தது.

அவனிடம் ஒரு நக்கல் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, சப்பாத்தின் அடியைப் பெரிய துரைக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்தான். பஸ்ஸில் கட்டிய கதை முழுக்க வீண். கடத்தலும் இல்லை, ரகசியமும் இல்லை. ஒருவன் மத்தேயுவைத் திட்டம் போட்டுக் கொன்றிருந்தால்கூட அவனை ஒரு ஆளாக மதித்தது போலாகியிருக்கும் என்று ஷெல்டனுக்குத் தோன்றியது.

நிரோஜன் முதலில் பெரிய துரையைப் பார்த்தான்; அங்கே ஆதரவு இல்லை. பிறகு அவன் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. நாலு மணிக்கு ஆட்டம். ஜீப் புதைந்ததும் அவன் இறங்கி ரோட்டோரக் கல்லில் ஏறி நின்றிருக்கிறான். கேபிளைக் கொளுவி, படங்கைப் போட்டுவிட்டு மத்தேயு தானே இழுக்கத்தான் வந்தான். நேரமாகிறது, நான் இழுக்கிறேன் என்று இவன்தான் சொன்னான். கல்லுக்கும் ஜீப்புக்கும் நடுவில் சேறு. அந்தப் படங்கை எடுத்து இதில் போடு என்றான். மத்தேயு எடுத்து விரித்தான். இவன் ஏறினதும், கேபிள் கொக்கி சரியாக இருக்கிறதா என்று மரத்தடிக்குப் பார்க்கப் போனான்.

“பிறகு?” என்றாள் சுலோஜனா.

“கொஞ்சம் பொறுங்க, படங்கத் திருப்பிப் போட்டுர்றேன் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவன். எனக்கு நேரம் போயிட்டுது, ஒரேயடியா இழுத்திட்டன்.” அவன் நெற்றியைத் துடைத்தான். “அதொரு படங்குதானே அக்கா. அதில இவ்வளவு இருக்கெண்டு எனக்கு என்ன தெரியும்?”

“தெரியும் தம்பி. படங்கு போடேல்லை எண்டு செத்தவன்மேல குற்றம் எழுதிக் குடுத்தது நீங்கள்தானே.”



பெரிய துரை எழுந்து விறாந்தை ஓரம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். ஜெபமலர் குவார்ட்டர்ஸிலேயே இருக்கட்டும், விசாரணைத் தீர்ப்பை இன்றைக்கே கிழித்து வேறு எழுதலாம், இதை இந்த மேசையோடு முடித்துக்கொள்ளலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தீர்ப்பை அவர் கட்டாயம் திருத்தி எழுதவேண்டும், ஆனால் மேசையோடு முடியாது என்றாள் சுலோஜனா. ஜாபிர் நானா பசறைப் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கப் போயிருக்கிறார். இந்நேரம் கொடுத்து முடித்திருப்பார். படங்கும் சப்பாத்தும் அங்கேதான் போகும். அவள் தேநீரைத் தொடாமல் எழுந்தாள். நிரோஜன் தன் வெறுங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஜெபமலரிடம் சொல்கிற வேலை ஷெல்டனுக்கு வந்தது. உம்மட சனம், நீரே சொல்லும் என்று சுலோஜனா சொல்லிவிட்டாள். அவளுக்கும் அதற்குத் தைரியம் இல்லை என்பது அவனுக்கு விளங்கியது.

சவுக்கு மரத்தடியில் நல்லதைத்தான் அவன் முதலில் சொன்னான். வீடு போகாது. மத்தேயு எடுத்தது நல்ல வின்ச். இழுத்தது அவனில்லை. படங்கும் போட்டிருந்தான். பாஸ்டரை வைத்து இன்னொரு ஜெபம் வைக்கலாம், இந்த முறை சரியான சொற்களோடு. ஜெபமலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தாள். அத்தோடு விட்டிருந்தால் ஷெல்டன் தப்பியிருப்பான்.

“அப்ப கேபிளுமேல போட்ட படங்க எதுக்குங்க எடுத்தாரு?”

ஷெல்டன் சுலோஜனாவைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லலாம் என்று நினைத்தான். ஆனால் பொலிஸில் சொல்வார்கள், கோர்ட்டில் சொல்வார்கள், லயத்தில் எல்லார் வாயிலும் வரும். அவன் சொன்னான். வெள்ளைச் சப்பாத்து, சேறு, டென்னிஸ். எவ்வளவு சுருக்கமாகச் சொன்னாலும் அது நீளமாகத்தான் இருந்தது.

அவள் அழவில்லை. யோசிக்கிறவள்போல நின்றாள்.

“கல்லுல இருந்து ஜீப்புக்கு எத்தன அடி இருக்கும்?”

படங்கில் இருந்த தடங்களை ஷெல்டன் எண்ணியிருந்தான். “நாலுங்கக்கா.”

“நாலடி,” என்றாள் ஜெபமலர். மேலே பங்களாவைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. நடந்துபோன ஒரு சின்னப் பிழைக்குப் பரிகாரம் சொல்கிற குரல்தான்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரரு அவரத் தூக்கிட்டுப் போயே ஜீப்புல ஒக்கார வச்சிருப்பாருங்களே.”